கையெழுத்து ஒத்துப்போகவில்லை

பள்ளிக்கூடத்து நிலவறைச் சமையற்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்து மெர்னா வைபெலின் வலது கை வெந்துபோனது, தேர்தலுக்குப் பதினெட்டு நாளைக்கு முன்னால். அன்றைக்குச் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட சுருள்ரொட்டியும். ஹார்லன் வெல்ஸ் ஊர்ப் பள்ளியில் வாரம் ஒருநாள் அதுதான் சாப்பாடு. காரமான குழம்புக்கு இனிப்பு ரொட்டியை ஏன் தொட்டுக்கொள்கிறோம் என்று கொலராடோவின் கிழக்குச் சமவெளியில் பிறந்த யாரும் கேட்டதில்லை. மெர்னா அடுப்புக்குள்ளிருந்து ரொட்டித் தட்டை இழுத்தபோது தலைக்கு மேலே குழாய் இரண்டு தரம் கனைத்தது. அது தினமும் கனைப்பதுதான். மூன்றாம் தரம் பிளந்தது. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். முகம் தப்பியது.

துப்புரவு வேலை பார்க்கும் டெல்பர்ட் ஓடிவந்து வால்வைத் திருகி மூடுவதற்குள் நிலவறை முழுக்க வெள்ளை ஆவி. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளையும் வெளியே புல்தரையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வடகாற்று எலும்பைத் தடவிப் பார்க்கிற நாள் அது. பிள்ளைகள் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நின்றார்கள். அந்த வலியிலும் மெர்னா, "ரொட்டி ஒண்ணும் கெடல, மேல கொண்டுபோய்க் குடுங்க" என்று சொன்னதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை.

சிறு மருத்துவமனைக்கு அவள் கணவன் வர்லின் வந்து சேர்ந்தபோது அவன் கையில் விதைப்பு இயந்திரத்தின் மசகு அப்படியே இருந்தது. அவனுக்கு அறுபத்துமூன்று வயது. முட்டிவலியைக் காட்டாமல் நடக்க முயல்கிற மனிதர்களின் நடை.

"எங்க, காட்டு."

"கட்டுப் போட்டாச்சு. என்னத்தக் காட்ட?"

"விரலெல்லாம் இருக்கா?"

"எண்ணிப் பாத்துக்கோ."

அவன் நிஜமாகவே கட்டுக்கு வெளியே தெரிந்த நுனிகளைத் தொடாமல் எண்ணினான். அந்நேரம் பார்த்து கோரலி ஹின்ஷா உள்ளே வந்தாள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பள்ளிக்கான புதுக் கட்டடத்துக்கு ஆதரவு திரட்டும் குழுவுக்கு அவள்தான் தலைவி. மெர்னாவும் அவளும் இருபது வருஷச் சிநேகிதம்.

"வர்லின், இதுக்கப்புறமும் உன் வாசல்ல 'வேண்டாம்'னு பலகை நிக்குமா?"

"ஒரு குழாய மாத்த ரெண்டு கோடி டாலரா கோரலி? நான் மாத்தித் தரேன். ஒரு மத்தியானம் போதும் எனக்கு."

"கட்டடத்துல ஒரு குழாயா இருக்கு? எல்லாத்துக்கும் தொண்ணூறு வயசாகுது."

"எனக்கும் அறுபத்துமூணு ஆகுது. என்னை எவனும் புதுசா கட்டித் தரல."

மெர்னா சிரித்துவிட்டாள். சிரித்ததும் கை சுண்டியது. யார் பக்கம் சிரித்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

விஷயம் இதுதான். கட்டடம் விழும் நிலையில் இருக்கிற நாட்டுப்புறப் பள்ளிகளுக்கென்று மாநிலம் ஒரு மானியம் வைத்திருக்கிறது. பத்து டாலர் செலவில் ஏழு டாலர் அது தரும். மிச்சம் மூன்று ஊருடையது. அந்த மூன்றுக்கு, அதாவது அறுபது லட்சம் டாலருக்கு, ஊர் கடன்பத்திரம் விற்க வேண்டும். அதை இருபது வருஷம் வீட்டுவரி நிலவரியிலிருந்து அடைக்க வேண்டும். அதற்கு ஊரார் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். நவம்பரில் சம்மதம் கிடைத்தால் பள்ளிக்கூடம். கிடைக்காவிட்டால் மாநிலத்தின் பணம் பட்டியலில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ஊருக்குள் ஒரு வீடு மட்டும் வைத்திருப்பவனுக்கு மாதம் ஒரு பீட்சா விலைதான் என்று கோரலியின் துண்டறிக்கை சொன்னது. பொய்யில்லை. ஆனால் வர்லினுக்கு வீடு மட்டும் இல்லை. மழையை நம்பிக் கோதுமையும் தினையும் விதைக்கிற இரண்டாயிரம் ஏக்கர் இருந்தது. அவனுக்கு வருஷம் மூவாயிரத்து இருநூறு டாலர் கூடும். மூன்று வருஷமாக வானம் கண் திறக்கவில்லை. இந்த ஜூனில் கதிர் பால் பிடித்து நின்றபோது பத்தே நிமிஷம் ஆலங்கட்டி கொட்டியது. பத்து நிமிஷத்தில் கோதுமை வைக்கோலாகி, வைக்கோல் சேறாகிவிட்டது. அன்றைக்கு வர்லின் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே வந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

அதனால் வைபெல் வீட்டு வாசலில் இரண்டு பலகைகள் நின்றன. வண்டி நுழைகிற கம்பிக் கதவுப் பக்கம் அவனுடையது, 'வேண்டாம்'. தபால் பெட்டிப் பக்கம் அவளுடையது, 'வேண்டும்'. தபால்காரன் முதல் தானியக் கிடங்கில் காபி குடிக்கிறவர்கள் வரை அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "வர்லின், ராத்திரி படுக்கையில நடுவுல வேலி போட்டிருக்கியா?" என்று கேட்டவனுக்கு, "முள்கம்பி விலை ஏறிப்போச்சு, இல்லேன்னா போட்டிருப்பேன்" என்று பதில் வந்தது.

மெர்னா பலகை நட்டது ஒப்புக்காக அல்ல. பதினேழு வருஷம் அந்த நிலவறையில் சமைத்திருக்கிறாள். வசந்தத்தில் சுவர் வியர்க்கும். குழாய்த் தண்ணீர் காலையில் தேநீர் நிறத்தில் வரும். தெளியும்வரை திறந்துவிட்டுத்தான் பாத்திரம் பிடிப்பாள். கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. சக்கர நாற்காலியில் இருக்கும் நான்காம் வகுப்பு இட்ஸெல் ஒர்னெலாஸ் சாப்பாட்டறைக்கு இறங்க முடியாது என்று, தினமும் அவளுக்கும் அவளோடு இருக்கச் சம்மதிக்கிற ஒரு தோழிக்கும் மேலே நடைகூடத்தில் ஒரு மேசை. மெர்னா தட்டுகளைப் படியேறிக் கொண்டுபோவாள். "கீழ எப்படி இருக்கும்?" என்று அந்தப் பெண் ஒருநாள் கேட்டது. "வெங்காய நாத்தம் அடிக்கும்" என்றாள் மெர்னா. "பரவாயில்ல, எனக்குப் பிடிக்கும்" என்றது அது.

இத்தனைக்கும் பிறகு மெர்னா செய்ததுதான் கதை.

ஓட்டுச்சீட்டு தபாலில் வந்தது. வீட்டிலேயே குறியிட்டு, உறையில் போட்டு ஒட்டி, உறைமேல் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஞாயிறு மத்தியானம் கோழிச் சூப்புக்கு முன்னால் வர்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கேள்வியைச் சத்தமாக வாசித்தான். பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். முற்றுப்புள்ளி வருமென்று மூச்சைப் பிடித்தவன் பாதியில் விட்டுவிட்டான்.

"'அதிகரிக்கப்படலாமா'ன்னு ஆரம்பிக்குது. என்னத்த?"

"கடன."

"இல்ல, அதுக்கப்புறம் வரியும் அதிகரிக்கப்படலாமான்னு வருது. அப்புறம் 'மிகாமல்'. எத மிகாம?"

"திரும்ப முதல்லேர்ந்து படி."

"நீ படி. இது ஒரு வக்கீல் தன் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதின மாதிரி இருக்கு."

அவளும் படித்தாள். பள்ளிக்கூடம் என்ற சொல் எட்டாவது வரியில்தான் வந்தது; அதற்குமுன் பணம், பணம், பணம். கட்டு போட்ட கையைச் சூப்புக் கிண்ணத்தின் சூட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு மூன்று தரம் படித்தாள். படிக்கப் படிக்கத் தெரிந்ததும் தெரியாததுபோல ஆனது. வர்லின் தன் சீட்டில் சட்டென்று குறியிட்டு உறையை நாக்கால் தடவி ஒட்டினான். அவள் தன்னுடையதை ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை. கை வேகாமல் இருந்திருந்தால் பள்ளியில் இருந்திருப்பாள். வீட்டில் இருந்ததால் சமையலறை ஜன்னல் வழியே அதைப் பார்க்க நேர்ந்தது. வர்லினும் பக்கத்துப் பண்ணைக்காரன் ஆர்டன் கோர்ஃபும் கிழக்குத் துண்டின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். முந்நூற்று இருபது ஏக்கர். வர்லினின் அப்பா ராணுவத்திலிருந்து திரும்பி வந்து வாங்கியது. வீட்டிலிருந்து பார்த்தால் வானம் முடிகிற இடம். கோர்ஃப் கையை நீட்டி எதையோ அளந்து காட்டினான். வர்லின் தலையாட்டினான். பிறகு கோர்ஃபின் வண்டி போய்விட்டது. வர்லின் போகவில்லை. குனிய முடியாத அந்த மனிதன் ஒரு முட்டியை மண்ணில் ஊன்றி இறங்கினான். கையுறையைக் கழற்றினான். குளிர்காலக் கோதுமை முளைவிட்டிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். எழுந்திருக்க வேலிக்கம்பத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டில், "கோர்ஃப் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. மழை வருமாங்கறான்."

அவன் திரும்ப வயலுக்குப் போனதும் மெர்னா ரொட்டிப் பெட்டிக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்தாள். பேனாவை இடது கையில் பிடித்தாள். 'வேண்டாம்' என்பதற்கு எதிரே இருந்த கட்டத்தைக் கறுப்பாக்கினாள். இடது கை என்பதால் நேரம் பிடித்தது. யோசிக்க வேண்டிய நேரம் இருந்தது, யோசிக்கவில்லை. உறைமேல் அவள் போட்ட கையெழுத்து கோழி கிளறின மண்போல இருந்தது. தபால் பெட்டிக்கு நடந்துபோய், தன் 'வேண்டும்' பலகைக்குப் பக்கத்தில் நின்று, உறையைப் போட்டு, தபால்காரன் எடுத்துப்போக அடையாளமாகப் பெட்டியின் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு வந்தாள். வந்து பாத்திரம் கழுவினாள், ஒற்றைக் கையால். கொஞ்ச நேரம் கழித்து, போய் எடுத்துவிடலாமா என்று தோன்றியது. ஜன்னல் வழியே பார்த்தால் தபால் வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

தேர்தலுக்கு மறுநாள் காலை கோரலி தொலைபேசியில் கத்தினாள். "இருநூத்திப் பதினாலு, இருநூத்திப் பதினாலு! சமமா நிக்குது மெர்னா! இந்த ஊர்ல ரெண்டு நாய்க்குக்கூட இவ்வளவு கரெக்டா சோத்தப் பங்கு போட்டதில்ல!"

"சமம்னா?"

"சமம்னா தோல்வி. ஒரு ஓட்டு கூட இருக்கணும்."

அன்று பிற்பகல் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து மெர்னாவுக்கு ஒரு கடிதம் வந்தது. உறைமேல் உள்ள கையெழுத்து எங்களிடம் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. ஓட்டுப் போட்டது நீங்கள்தான் என்று எட்டு நாளுக்குள் அடையாள அட்டையுடன் உறுதி செய்தால் எண்ணப்படும். செய்யாவிட்டால் எண்ணப்படாது. மெர்னா அதை ஏப்ரனுக்குள் மடித்து வைத்தாள். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாததை ஊர் எப்படித் தெரிந்துகொள்ளும் என்று கேட்கக் கூடாது. உறுதி செய்யப்படாத ஓட்டுகளின் பெயர்ப் பட்டியலை யார் கேட்டாலும் தருவார்கள், கோரலி கேட்டாள். ஹார்லன் வெல்ஸில் ஒரே பெயர்தான் இருந்தது.

சனிக்கிழமை கோரலியும் பள்ளி நிர்வாகி கால்வின் ரஸ்கும் பூசணி வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தோடு வந்து சமையலறையில் உட்கார்ந்தார்கள். ரஸ்க் நாற்பது வயசுக்காரர், எதற்கும் கையைப் பிசைகிறவர்.

"மெர்னா, நாங்க வற்புறுத்த வரல" என்றார் ரஸ்க். "அது சட்டப்படித் தப்பு. சும்மா... கை எப்படி இருக்குன்னு பாக்க வந்தோம்."

"கை ஆறிட்டு வருது."

"பேனா பிடிக்க வருதா?"

"கால்வின்!" என்றாள் கோரலி. பிறகு மெர்னாவின் பக்கம் சாய்ந்தாள். "இங்க பாரு. உன் கை வெந்தது அந்தக் கட்டடத்தால. அந்தக் கையால கையெழுத்துச் சரியா வராம போனதும் அதனாலதான். இப்ப அந்த ஒரு கையெழுத்துதான் கட்டடம் வருமா வராதான்னு முடிவு பண்ணப் போகுது. நான் சர்ச்சுக்கு ஒழுங்காப் போறவ இல்ல, ஆனா இதுல ஏதோ இருக்கு."

மெர்னா பலகாரத்தை வெட்டினாள். கத்தி நேராகப் போகவில்லை. இவர்களிடம் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தாள். என்னவென்று சொல்வது? கோர்ஃப் வந்தான், இவன் முட்டி போட்டான், அதனால் என்றா? 

"திங்கக்கிழமை போறியா? நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கோரலி.

"பாக்கலாம்."

"எதப் பாக்கணும்?" கோரலி குரலைத் தாழ்த்தினாள். "வர்லின் போக விடமாட்டேங்கறானா?"

பின்கட்டில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த வர்லினுக்கு அது கேட்டது. ஒரு பூட்ஸ் தரையில் விழுந்த சத்தம் வந்தது. மற்றது வெகுநேரம் விழவில்லை.

அவர்கள் போனபின் அவன் உள்ளே வந்து மேசை முனையில் உட்கார்ந்தான். பூசணிப் பலகாரத்தை விரலால் தள்ளிவைத்தான்.

"திங்கக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன் உன்னை."

"எங்க?"

"எங்கன்னா? கையெழுத்துப் போட."

"உனக்கு என்னாச்சு?"

"நான் ஓட்டுப் போட்டேன், அது எண்ணியாச்சு. நீ ஓட்டுப் போட்ட, அதையும் எண்ணணும். இதுல ஆகுறதுக்கு என்ன இருக்கு?" சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "உன் கை வெந்த அன்னிக்கு உன் கோட்ட எடுக்க அந்த நெலவறைக்குப் போனேன். நான் படிச்சப்போ இருந்த அதே குழாய். அதே பச்ச பெயின்ட். நான் அங்க பேர் கீறி வெச்சிருந்தேன், அது மேலயும் அதே பெயின்ட். இன்னும் நான் வேண்டாம்னுதான் சொல்றேன், வெச்சுக்கோ. ஆனா உன் கைய வேக வெச்ச குழாய்க்கு நான் வக்கீல் இல்ல."

மெர்னா எழுந்துபோய்க் காபிப் பாத்திரத்தைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவினதுதான் அது.

திங்கட்கிழமை பொடிப்பனி குறுக்காக வீசியது. மாவட்ட அலுவலகம் நாற்பத்திரண்டு மைல். நேர்ச்சாலை, திருப்பமே இல்லாததால் பேச்சை மாற்ற ஒன்றும் கிடைக்காது. வர்லின் முதல் பத்து மைல் தினை விலையைப் பேசினான். அடுத்த பத்து மைல் பேசவில்லை. ரயில்பாதையைத் தாண்டியதும் மெர்னா சொன்னாள்:

"நான் வேண்டாம்னு போட்டேன்."

"என்னது வேண்டாம்?"

"ஓட்டு. வேண்டாம்னு போட்டிருக்கேன்."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். துடைப்பான் கண்ணாடியில் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. கைநீட்டி அதை நிறுத்தினான். கண்ணாடியில் பனி படிய ஆரம்பித்தது.

"கேள்வி புரியாம மாத்திப் போட்டுட்டியா?"

"இல்ல. புரிஞ்சுதான் போட்டேன். புரிஞ்சுதான்னு நெனக்கிறேன்."

"ஏன்?"

"கிழக்குத் துண்டுல கோர்ஃபோட நின்ன. அவன் போனதுக்கப்புறம் முட்டி போட்ட. விக்கப் போறேன்னு நெனச்சேன்."

வர்லின் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். "விக்கல. குத்தகைக்குக் கேட்டேன், எடுத்துக்கறியான்னு."

"வரியாலதான?"

"வரியால இல்ல! என் முட்டியால. பள்ளிக்கூடம் வந்தாலும் வராட்டியும் என்னால ரெண்டாயிரம் ஏக்கர ஓட்ட முடியாது மெர்னா. அத உன்கிட்டச் சொல்ல வாய் வரல. அவ்வளவுதான்."

"மழை வருமாங்கறான்னு சொன்ன."

"அதையும் கேட்டான்."

ஒரு தானிய லாரி அவர்களைக் கடந்து போனது. பிக்கப் வண்டி முழுவதும் ஆடியது. வர்லினின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"எனக்கு ஒரு ஓட்டு இருக்கு. அது போதும் எனக்கு. உன்னோடத எதுக்கு எனக்குக் குடுத்த? நான் கேட்டேனா?"

"கேக்கல."

"பதினேழு வருஷம் அங்க கெடந்து வெந்திருக்க. ஊரெல்லாம் பலகாரம் சுட்டுக் குடுத்து ஓட்டுக் கேட்ட. அந்த ஒத்தக்கால் பலகைய நட்டுட்டு, உள்ள வந்து..." அவன் நிறுத்திக்கொண்டான். "சரி. இப்ப என்ன பண்ணணும்? மாத்த முடியுமா?"

"முடியாது. உறை மூடினது மூடினதுதான். நான்தான் போட்டேன்னு சொல்ல மட்டும்தான் முடியும்."

"சொன்னா?"

"ஒரு ஓட்டுல தோக்கும்."

"சொல்லலேன்னா?"

"சமமாத் தோக்கும்."

"ரெண்டும் ஒண்ணுதான. திரும்பிடலாம்." அவன் கியரில் கை வைத்தான்.

"ஒண்ணு இல்ல வர்லின். நான் போகலேன்னா, நீ விடலேன்னுதான் சொல்வாங்க. கோரலி நம்ம வீட்லயே அதச் சொல்லிட்டா. காலத்துக்கும் நீ பொண்டாட்டியப் பூட்டி வெச்சு பள்ளிக்கூடத்தத் தோக்கடிச்சவன்."

"சொல்லிட்டுப் போறாங்க. எனக்குத் தோல் தடிமன். நீ திங்கக்கிழமையும் செவ்வாக்கிழமையும் அந்த டீச்சருங்களுக்குத் தட்டு நீட்டணும். கையெழுத்துப் போட்டா உன்னோட ஒரே ஓட்டத் தனியா எண்ணுவாங்க. ரகசியம்னு ஒண்ணு இருக்காது."

"தெரியும்."

"அப்புறம்?"

"செஞ்சது நான். அத நீ செஞ்சதா நாலு பேர் பேச, நான் பக்கத்துல நின்னு காபி ஊத்த முடியாது. என்னால முடியாது, அவ்வளவுதான். சரியா தப்பான்னு கேக்காத. எனக்குத் தெரியல. வண்டிய எடு."

அவன் துடைப்பானைப் போட்டான். படிந்த பனி ஒரே இழுப்பில் போனது. மீதி இருபது மைலையும் ஒரே வேகத்தில் ஓட்டினான். அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு, அவள் பக்கக் கதவைத் தானே வந்து திறந்தான். அவளால் இடது கையாலும் திறக்க முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

தேர்தல் அதிகாரி ரொவீனா என்ற ஒல்லியான பெண். அடையாள அட்டையைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள்.

"உட்காருங்க மிஸஸ் வைபெல். ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. இந்த மாதிரிச் சீட்டுங்கள மொத்தமா சேத்துத்தான் எண்ணுவோம், யாரு எதுக்குப் போட்டாங்கன்னு தெரியக் கூடாதுன்னு. உங்க பள்ளிக்கூடக் கேள்விக்கு உங்களோடது ஒண்ணுதான் வந்திருக்கு. நாங்க வாய் திறக்க மாட்டோம். ஆனா கணக்கு வெளில வந்தா..."

"கூட்டத் தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"ஆமா. வேணும்னா நீங்க போடாமலும் இருக்கலாம். யாரும் கட்டாயப்படுத்த முடியாது."

"பேனா குடுங்க" என்றாள் மெர்னா.

வலது கையின் இரண்டு விரலுக்கும் கட்டுக்கும் நடுவே பேனாவைச் செருகிக்கொண்டாள். புதுத்தோல் இழுத்தது. இந்த முறை கையெழுத்து கிட்டத்தட்ட அவளுடையதாகவே இருந்தது. வெளியே வர்லின் பனியில் தொப்பியில்லாமல் நின்றுகொண்டிருந்தான். திரும்பும் வழியில் ரயில்பாதையோரக் கடையில் நிறுத்தி, முட்டைக்கோஸும் இறைச்சியும் அடைத்த பன் இரண்டு வாங்கினான். அவள் கையால் பிய்க்க முடியாது என்று பாதியாக்கிக் கொடுத்தான். அவனுக்குக் கோபம் தணிந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவனாலும் சொல்ல முடிந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை கணக்கு வந்தது. வேண்டும் இருநூற்றுப் பதினாலு. வேண்டாம் இருநூற்றுப் பதினைந்து.

மெர்னாவின் தொலைபேசி அடிக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடிக்கவில்லை. சர்ச்சில் அவர்கள் பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது. தானியக் கிடங்கில் 'வேண்டாம்' கட்சிக்காரன் ஒருவன் வர்லினின் முதுகில் தட்டி, "உன் பொண்டாட்டி கெட்டிக்காரிய்யா" என்றான். வர்லின் காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஆலங்கட்டி கிழித்திருந்த கோழிக்கூட்டுக் கூரைக்குப் புதுத் தகடு அடித்தான். சுத்தியல் சத்தம் சாயங்காலம்வரை கேட்டது.

அடுத்த வாரம் கட்டைப் பிரித்து, ரப்பர் உறை மாட்டி மெர்னா வேலைக்குத் திரும்பினாள். டெல்பர்ட் வெடித்த குழாய்க்கு ஒட்டுப் போட்டிருந்தார். அவர், "வாங்க" என்றார், அதோடு சரி. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தாலும் பசி பெரிது. வரிசையில் இடித்துக்கொண்டு வந்து தட்டை நீட்டினார்கள். ஆசிரியர்கள் ஒருவரும் கீழே இறங்கவில்லை. எல்லாருக்கும் அன்றைக்கு வீட்டிலிருந்து சாப்பாடு. இட்ஸெலுக்குத் தட்டை மெர்னாவே மேலே கொண்டுபோனாள். நடைகூடத்தில் அந்தப் பெண் அவளுடைய உறை கழற்றிய இளஞ்சிவப்புக் கையைப் பார்த்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"எல்லாரும் உங்க மேல கோவமா இருக்காங்கன்னு எங்கப்பா சொன்னாரு."

"நீ?"

பெண் யோசித்தது. "கீழ போகணும்னு ஆசையா இருந்துச்சு" என்றது. மெர்னா மண்டியிட்டு, தேவையில்லாமல் சக்கரத்தின் தடையைச் சரிபார்த்துவிட்டுப் படியிறங்கினாள். 

சாப்பாட்டு மணி முடிந்து, பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது கோரலி வந்தாள். எல்லோரும் போனபிறகு, தனியாக, ஒரு தட்டோடு. தட்டை நீட்டினாள். மெர்னா குழம்பை ஊற்றினாள். கொஞ்சம் விளிம்பில் வழிந்தது. கோரலி நகரவில்லை.

"ஏன்?"

"தெரியல கோரலி."

"அது ஒரு பதிலா?"

"அன்னிக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. வர்லினுக்காகன்னு நெனச்சேன். அவனுக்கு அது வேண்டாமாம். இப்ப யாருக்காகன்னே தெரியல. மேல போய் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு வரேன், இன்னும் தெரியல."

கோரலி விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்தாள். "நேத்து என் மவன் வண்டியச் சுத்தம் பண்ணேன்" என்றாள். "முன்கண்ணாடிக்குக் கீழ அவன் ஓட்டுச்சீட்டு கெடந்துச்சு. 'வேணும்'னு போட்டு, ஒட்டி, கையெழுத்தெல்லாம் போட்டு. தபால்ல போட மறந்துட்டானாம். இருபத்திரெண்டு வயசு. நான் இருநூறு வீட்டுக் கதவத் தட்டினேன், என் வீட்டுக் கதவத் தட்டல."

மெர்னா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். "அது வந்திருந்தாலும்..."

"சமம்தான். சமம்னா தோல்வி. நானும் கூட்டிப் பாத்துட்டேன்." கோரலிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லிடாத. அவன ஊர் தின்னுடும்."

"என்னைத் தின்னது பத்தாதா, அவன எதுக்கு."

கோரலி சமையற்கூடத்துக்குள்ளேயே வந்து, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். மெர்னா ஒரு சுருள்ரொட்டியைக் கொண்டுபோய் அவள் தட்டில் வைத்தாள்.

"பிப்ரவரில திரும்ப விண்ணப்பம் போடணுங்கறார் கால்வின்" என்றாள் கோரலி, வாயில் ரொட்டியோடு. "மாநிலம் தருமோ தராதோ. தந்தா மறுபடி தேர்தல். மறுபடி வீடு வீடா ஏறி இறங்கணும். பாதிப் பேரு இந்தத் தடவையே நாய அவுத்து விட்டாங்க."

"பண்ணைக்காரங்க வீட்டுக்கு வேணும்னா நான் கூட வரேன்."

கோரலி மெல்லுவதை நிறுத்தினாள். "நீ எந்தப் பக்கம் வருவ?"

மெர்னா தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். தேநீர் நிறத்தில் வந்து, தெளிய ஆரம்பித்தது. இளஞ்சிவப்புக் கையை ஓரமாக வைத்துக்கொண்டு மற்ற கையால் முதல் தட்டை எடுத்தாள்.

"அது தெரியல" என்றாள். "ஆனா வரேன்."